சப்-ஊஃபரில் சொட்டை விழுந்தால்

போன ஆவணியில் அம்பாசமுத்திரத்துத் தம்பி ஒருவர் டிக்கியைத் திறந்துகொண்டு பாளையங்கோட்டையில் என் பட்டறை வாசலில் நின்றார். அக்கா மகள் கல்யாணத்துக்குச் சீர் ஏற்றிப் போயிருக்கிறார். வீரவநல்லூர் பக்கம் ஒரு பிரேக், பித்தளைக் குத்துவிளக்கு உருண்டு போய், டிக்கியில் பாஸ் சத்தத்துக்கு வைத்திருந்த பன்னிரண்டு இஞ்ச் ஊஃபர் ஸ்பீக்கரின் நடுவில் இடித்துவிட்டது. "பாட்டு கேக்குது அண்ணாச்சி, ஆனா பாக்கவே மனசு கேக்கல" என்றார். நடுவில் இருக்கும் குமிழ் ஒரு பக்கம் உள்ளே போய், கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்கியது மாதிரி கிடந்தது.

அந்தக் குமிழுக்கு டஸ்ட் கேப் என்று பேர். காயில் என்கிற கம்பிச் சுருள் ஏறி இறங்கும் இடைவெளிக்குள் தூசி போகாமல் மூடி வைப்பதுதான் அதன் முக்கிய வேலை. அதனால் அது மட்டும் ஒடுங்கியிருந்தால் சத்தத்தில் பெரும்பாலும் ஒரு மாற்றமும் தெரியாது. பயப்பட வேண்டியது உள்ளே இருக்கும் காயிலுக்கு. ஆகவே சொட்டையை எடுக்கப் போகும் முன் காயிலைப் பாருங்கள். இந்த ஒன்றைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, பத்து விரலையும் குமிழைச் சுற்றியிருக்கும் கூம்பு, அதாவது கோன் மேல் சுற்றிலும் பரப்பி வையுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, மெதுவாக அமுக்கி விடுங்கள். காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சத்தமே இல்லாமல் போய் வந்தால் நல்லது. கரகரவென்று மணலைத் தேய்ப்பது மாதிரி கேட்டால், அல்லது விரலில் உரசல் தட்டுப்பட்டால், காயில் மேக்னட் சுவரில் உரசுகிறது. அது வீட்டில் சரியாகிற விஷயம் இல்லை, கோனையும் காயிலையும் புதிதாக மாற்றித் தரும் ரீகோன்காரரிடம்தான் போக வேண்டும். அப்படியே பாட்டுப் போட்டு ஓட்டினால் காயில் தேய்ந்து எரிந்துபோகும்.

அப்புறம் மல்டிமீட்டரில் காயிலின் மின்தடையைப் பாருங்கள். நாலு ஓம் காயில் என்றால் மீட்டரில் மூன்றரை ஓம் அளவில் காட்டும். நாலுக்குக் குறைவாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம், அதுதான் சரி. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. இரட்டைக் காயில் ஊஃபர் என்றால் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இரண்டும் தேறினால் வேலையைத் தொடங்கலாம். பெட்டியிலிருந்து ஊஃபரைக் கழற்றினால் இரும்பு வேலை செய்த மேஜையில் மட்டும் வைக்காதீர்கள். மேக்னட் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும், அது இடைவெளிக்குள் போனால் கரகரப்பு அன்றிலிருந்து ஆரம்பம். நான் தரையில் பழைய கோரைப்பாயை விரித்து அதன் மேல்தான் வைப்பேன்.

முதலில் டேப். நன்றாக ஒட்டுகிற டேப்பை ஒரு சாண் வெட்டி, சொட்டையின் நடுவில் அழுத்தி ஒட்டி, நேராக மேலே இழுங்கள். பேப்பர், துணி கேப்பில் பாதிச் சொட்டை இதிலேயே வந்துவிடும். பேப்பரின் மேல் தோல் உரிவது தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது வேக்குவம் கிளீனர். குறைந்த வேகத்தில் வைத்து, குழாய் வாயைச் சொட்டைக்கு மேல் கொண்டுவாருங்கள். முழுக்க ஒட்டி மூடிவிடாதீர்கள், ஒரு ஓரத்தில் விரலை வைத்துக் காற்றுக்கு வழி விடுங்கள். இல்லாவிட்டால் கேப்பே பிய்ந்து குழாயோடு வந்துவிடும். 'டொப்' என்று ஒரு சத்தத்தோடு சொட்டை எழும்பும். பிளாஸ்டிக் கேப்பாக இருந்தால் ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டிவிட்டு இதைச் செய்தால் சுலபம். ஒரே இடத்தில் சூட்டை நிறுத்தினால் ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும்.

தம்பியின் ஊஃபரில் இரண்டுமே பாதிதான் வேலை செய்தன. மடிப்பு விழுந்த இடம் மட்டும் எழும்பவில்லை. கடைசி வழி ஊசிதான். நுனியை லேசாக வளைத்த ஊசியால் மடிப்பின் ஓரத்தில் சின்ன துளை போட்டு, உள்ளிருந்து கொக்கி மாதிரி தூக்க வேண்டும். இங்கே கவனம்: கேப்புக்கு நேர் கீழே மேக்னட் இருக்கிறது. இரும்பு ஊசியை விரல் நுனியில் பிடித்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் கேப்பை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். நான் பித்தளைக் கம்பியை ராவிக் கூராக்கி வைத்திருக்கிறேன். அது இல்லாவிட்டால் ஊசியைக் குறடில் இறுக்கிப் பிடியுங்கள். ஆழமாகவும் விடாதீர்கள், நெல்மணி நீளம் உள்ளே போனால் போதும். மடிப்பை ஒரே தூக்காகத் தூக்காமல், ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாருங்கள். முக்கால் மணி நேரம் ஆனது. துளையில் ஒரு பொட்டு ஃபெவிகால், மேலே கறுப்பு மார்க்கர். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் ஒரு கோடு தெரிந்தது.

அலுமினியக் கேப்பில் கோடு போகவே போகாது. முழு வட்டமாக எழும்பினால் போதும் என்று விட்டுவிடுங்கள்.

கோனே கிழிந்திருந்தால் வேறு கதை. களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிய வண்டி ஒன்று வந்தது, தாரின் காம்பு பேப்பர் கோனில் இரண்டு விரல் நீளத்துக்குக் குத்திக் கிழித்திருந்தது. டிஷ்யூ பேப்பரைக் கையால் பிய்த்து (கத்தரித்தால் ஓரம் தடிப்பாக நிற்கும்), தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, கிழிசலின் முன்னும் பின்னும் ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டேன். ஓரத்து ரப்பர் கிழிந்தால் ஃபெவிகால் உதவாது, வளைந்து கொடுக்கும் ரப்பர் பசை வேண்டும். ஃபெவிக்விக் மாதிரி உடனே இறுகும் பசையை அங்கே தொடவே கூடாது. காய்ந்ததும் கல்லாகிவிடும், நாலு தடவை பாஸ் அடித்ததும் பக்கத்திலேயே புதுசாகக் கிழியும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ஊஃபர்கள் நிறைய வந்தன. பேப்பர் கோன் ஊறியிருக்கும்போது விரல் பட்டாலே சொட்டை விழும். ஒன்றும் செய்யாமல் நிழலில் நாலைந்து நாள் காயப்போடுங்கள், அதுவரை கரண்ட் கொடுக்காதீர்கள். ஊறி உப்பிப்போன எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பெட்டியைக் காப்பாற்ற முடியாது.

சரி, இனி சொட்டை விழாமல் இருக்க. ஊஃபர் அளவுக்கு ஸ்டீல் கிரில் வாங்கிப் போடுங்கள். பாஸ் அடிக்கும்போது ஓரத்து ரப்பர் முன்னால் வரும், அது கிரில்லில் தட்டக் கூடாது. இடம் போதாவிட்டால் கிரில்லுக்கும் ஊஃபருக்கும் நடுவில் மர வளையம் வைத்து உயர்த்துங்கள். சாமான் அடிக்கடி ஏற்றுகிற வண்டி என்றால் ஊஃபர் முகத்தை டிக்கி வாசலுக்குக் காட்டாமல் சீட் பக்கம் திருப்பி, நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். பெட்டியை எல்-கிளாம்ப் போட்டுத் தரையில் பிடிக்க வேண்டும். டிரில் போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து, பெட்ரோல் டேங்க்கும் அதன் குழாய்களும் எங்கே போகின்றன என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

மாட்டும்போது ஸ்க்ரூக்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். முதல் நாள் சத்தத்தைக் குறைத்து வைத்தே கேளுங்கள். ஒரு மாதம் கழித்து ஸ்க்ரூக்களை மறுபடி முறுக்கிப் பாருங்கள். அம்பை ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டிகளில் ஒன்றிரண்டாவது எனக்கு லூசாகத்தான் கிடைக்கும்.