மரத்துப்போன கைகால்களைப் பார்த்துக்கொள்வது எப்படி

மும்பை தாராவியில் எங்கள் சந்தில் மட்டும் ஏழெட்டு இட்லி வீடுகள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு பற்றினால் ஆறரைக்குள் சைக்கிள்கள் கிளம்பிவிடும். 2013-ல் ஒரு நாள் கொப்பரை மூடியைத் திறந்து தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி, "ஏங்க, விரலைப் பாருங்க" என்றாள். வலது சுண்டுவிரலின் வெளிப்பக்கம் பால் கொழுக்கட்டை அளவுக்குக் கொப்புளம். எப்போது சுட்டது என்றே தெரியவில்லை, வலியும் இல்லை. "இருபது வருஷமா ஆவியில வேகுற கை, பழகிப்போச்சு" என்று சிரித்தேன்.

அதே கையில், முழங்கைக்குக் கீழே, வெளிறிய படை ஒன்று ஏற்கெனவே இருந்தது. தேமல் என்று மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவினேன். பக்கத்து கிளினிக்கில் வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். அப்படியே எட்டு மாதம் ஓடியது. பிறகு வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்த சுகாதாரப் பணியாளர் ஒரு அம்மா, பால்பாயிண்ட் பேனாவை வைத்து இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தார். தொழுநோய். நம் ஊரில் பெருவியாதி என்பார்களே, அதுதான். பன்னிரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன், நோய் போய்விட்டது. மரத்துப்போனது மட்டும் திரும்பவில்லை. அதோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் அந்தப் பேனா சோதனை. உடம்பில் நிறம் வெளிறிய அல்லது செம்பு நிறப் படை இருக்கிறதா? அரிப்பு இல்லையா? அந்த இடத்தில் வியர்க்காமல், முடி உதிர்ந்து இருக்கிறதா? கண்ணை மூடச் சொல்லுங்கள். பேனா முனையால் லேசாகத் தொட்டு, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்லுங்கள். முதலில் நல்ல தோலில் தொட்டுப் பழக்கிவிட்டு அப்புறம் படைக்கு வரவேண்டும். படைக்குள் தொடும்போது ஆள் சும்மா இருந்தாலோ, வேறெங்கோ காட்டினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஊசியால் குத்தியோ தீக்குச்சியால் சுட்டோ பார்க்காதீர்கள், எங்கள் சந்தில் அதையும் செய்தவர்கள் உண்டு. எல்லாருக்கும் படை மரத்துப்போகாது. காது மடல் தடித்துப் பளபளத்தாலும், சுண்டுவிரல் பக்கம் காரணமில்லாமல் மரத்தாலும் காட்டிவிடுவது நல்லது.

மருந்துக்கு ஒரு பைசா செலவில்லை. நாட்டின் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் இலவசம். எங்களுக்கு சயான் ஆஸ்பத்திரி நடக்கும் தூரம். வடாலாவில் 1890-லிருந்து இந்த நோய்க்கென்றே ஆக்வொர்த் மருத்துவமனை இருக்கிறது. நோயின் அளவைப் பார்த்து ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை அட்டை கொடுப்பார்கள். மாதத்தின் முதல் வேளையை அவர்கள் கண்முன்னால் விழுங்க வேண்டும். அன்றைக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ரிபாம்பிசின் என்ற மருந்தின் வேலை, ரத்தம் இல்லை. குளோபாசிமின் என்ற மாத்திரையால் முகம் கறுக்கும், முடித்த பிறகு மெதுவாகத் தெளியும். கறுத்த முகத்தோடு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போக வெட்கப்பட்டு மாத்திரையை நிறுத்தினவர் ஒருவரை எனக்குத் தெரியும். பிறகு அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போகிறீர்களா? போகிற நாட்களுக்கு முன்கூட்டியே அட்டை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை நடக்கும்போதோ முடிந்த பிறகோ பழைய படை திடீரென்று சிவந்து வீங்கினால், முழங்கை நரம்பு வலித்தால், பொத்தான் போட விரல் வராமல் போனால், கண் சிவந்தால், அதே வாரம் ஓடுங்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். உடம்பு கிருமியோடு சண்டை போடுவதால் வருகிற எதிர்வினை அது. ஆறு மாதத்துக்குள் பிடித்தால் ஸ்டீராய்டு மாத்திரையால் நரம்பைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். நான் போக நாளாகிவிட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் இன்றும் மடங்கியே இருக்கின்றன.

இந்த நோயில் விரல் தானாக அழுகி உதிரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்பதை எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். வலி தெரியாததால் காயம்பட்டு, பட்ட காயத்திலேயே மறுபடி பட்டுத்தான் விரல் போகிறது என்றார். தூங்கும்போது மரத்த விரலை எலி கடிப்பதைக்கூட அவர் கண்டுபிடித்தார். தாராவி எலிகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. சாப்பாட்டு வாடை போகக் கைகால் கழுவி, கொசுவலையைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொண்டு படுக்கிறேன்.

சரி, தினசரி வேலைக்கு வருகிறேன். எனக்கு இது ராத்திரி எட்டரை மணிக்கு. குழாயில் தண்ணீர் வருவது சில மணி நேரம்தான் என்பதால் காலையிலேயே ஒரு டப்பில் அரை அளவு பிடித்து வைத்துவிடுவோம். வெந்நீர் வேண்டவே வேண்டாம், சுட்டால் நமக்குத் தெரியாது. முதலில் பார்வை. தரையில் சின்னக் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைத் தூக்கிப் பிடித்தால் அடிப்பாதம் முழுக்கத் தெரியும். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு, சிவந்த இடம், கொப்புளம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். கை வைத்துப் பார்த்து மற்ற இடத்தைவிடச் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். என் கையே மரத்தது, அதனால் சூடு பார்ப்பது மனைவியின் வேலை. "இன்னிக்கு அதிகம் நடந்தீங்களா?" என்று கேட்டால் எதையோ கண்டுபிடித்துவிட்டாள் என்று பொருள்.

பிறகு கையையும் காலையும் இருபது நிமிடம் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வியர்வை சுரக்காததால் தோல் காய்ந்து வெடிக்கிறது, தண்ணீர் அதற்குத்தான். ஊறிய தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்க்கலாம். பிளேடு கூடாது. துடைத்துக் காயவிடாமல், ஈரம் இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அந்த எண்ணெய்க் கையோடு மடங்கிய விரல்களைத் தொடைமேல் வைத்து மற்றக் கையால் அழுத்தி நீட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் மூட்டு இறுகிவிடும்.

புண் இருந்தால் அந்தக் காலை ஊறவைக்காதீர்கள். சோப்புத் தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் கட்டி, காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஓய்வுதான் மருந்து. வலிக்காததால் நாம் நடந்துவிடுகிறோம், ஒவ்வொரு அடியும் புண்ணை மிதிக்கிறது. வாடை, வீக்கம், காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரி.

செருப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஹவாய் செருப்பு மரத்த காலில் நிற்காது. கழன்று விழுந்தது தெரியாமல் நான் மார்க்கெட் வரை நடந்திருக்கிறேன். எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் உள்ளே, முள்ளும் கண்ணாடியும் ஏறாத கெட்டியான ரப்பர் அடியில், குதிகாலுக்குப் பின்னால் வார். இதுதான் வேண்டும். தொழுநோய்ப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தோல் கடையில் தைக்கக் கொடுத்தால் ஆணி அடிக்காமல் ஒட்டியும் தைத்தும் தரச் சொல்லுங்கள். எங்கள் ஆள் பழக்கத்தில் ஒரு தடவை இரண்டு ஆணி அடித்துவிட்டார். கண்ணாடியில் பார்த்தபோதுதான் தெரிந்தது. புதுச் செருப்பை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். தினமும் போடுமுன் தட்டி உதறுங்கள்.

அடுப்படியில் கைப்பிடித் துணி கட்டாயம். எவர்சில்வர் தம்ளரில் சூடான டீ ஆகாது, காதுள்ள கப்புதான். கொப்பரையை இப்போது மனைவியும் மகனும் பார்க்கிறார்கள், நான் மாவரைப்பதும் கணக்கும். இட்லி விற்கிற வீட்டில் இப்படியா என்று கேட்பவர்களுக்கு: மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே இது பரவுவது நின்றுவிடும். தனித் தட்டு, தனிப் பாய் எதுவும் தேவையில்லை.

வீட்டில் உள்ளவர்களையும் கட்டாயம் காட்டுங்கள். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய சராசரியாக ஐந்து வருடம் ஆகும், சிலருக்கு இருபதுகூட. உடன் இருப்பவர்களுக்கு இப்போது ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் கொடுக்கிறார்கள், அதற்கு முன் டாக்டர் உடம்பு முழுக்கப் பார்ப்பார். என் மகளுக்கு இன்னும் வருடத்துக்கு ஒரு முறை பேனா சோதனை உண்டு. "அப்பா, கூசுது, சீக்கிரம் முடிங்க" என்பாள். கூசட்டும் என்று விட்டுவிடுவேன்.