பழைய இரும்புக் கழிவுக் குழாயில் பிவிசி குழாயை இணைப்பது எப்படி?

திருகோணமலையில் உவர்மலை, டொக்யாட் வீதி, உட்துறைமுக வீதிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்து வீடுகள் கொஞ்சம் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. கடற்படைத் தளம் 1957இலேயே இலங்கையிடம் வந்துவிட்டது. அந்தக் காலத்து வார்ப்பிரும்புக் கழிவுக் குழாய்கள் மட்டும் சில சுவர்களில் இன்னமும் உழைக்கின்றன. அப்படியான வீட்டில் புதுக் கொமட் வைக்கவோ, வெடித்த துண்டொன்றை மாற்றவோ போனால், இரும்பையும் பிவிசியையும் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வி வந்துவிடும்.

பிவிசி கம் இரும்பில் ஒட்டாது. அது பிளாஸ்ரிக்கைக் கரைத்து ஒன்றாக்குகிற திரவம். இரும்பில் அதற்கு வேலையில்லை. சிலர் சீமெந்தைப் பூசி மூடுவார்கள், சிலர் டயர் டியூபைச் சுற்றிக் கம்பியால் இறுக்குவார்கள். இரண்டும் கொஞ்ச நாளைக்குத்தான். நம்மூர் வெயிலில் 3 மீற்றர் பிவிசி குழாயின் சூடு 20 பாகை ஏறினால், அது ஏறக்குறைய 4 மில்லிமீற்றர் நீளும். இரும்பு நீளுவது அதில் ஆறில் ஒரு பங்குதான். இரண்டுக்கும் நடுவே விறைத்து நிற்கும் சீமெந்து வெடிக்காமல் என்ன செய்யும்? வளைந்து கொடுக்கிற பொருள் வேண்டும். அதனால்தான் றப்பர் கப்ளிங்: இரண்டு குழாய் முனைகளையும் மூடி, ஸ்டீல் பட்டிகளால் இறுக்குகிற றப்பர் உறை.

இரும்பைச் சோதியுங்கள்

கப்ளிங்கைப் பூட்டுவது அரை மணி நேர வேலை. அது நிலைக்குமா என்பதை முடிவு செய்வது நீங்கள் வெட்டப்போகிற இடத்து இரும்பு. ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

சிறிய சுத்தியலால் குழாய் நெடுக மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். சத்தம் மந்தமாக வந்தால் உள்ளே கறள் தின்றிருக்கலாம், இல்லை வெடிப்பிருக்கலாம். அடுத்து, பழைய ஸ்குரூட்றைவர் ஒன்றால் அழுத்திக் கீறுங்கள். உப்பு ஊறிய மண்ணில் வார்ப்பிரும்புக்கு விசித்திரமான நோய் ஒன்று வரும்: இரும்பு கரைந்துபோய், அதிலிருந்த காரீயம் (பென்சில் கூரில் இருக்கும் கிராபைற்) மட்டும் குழாயின் உருவத்திலேயே நிற்கும். பார்க்க முழுசாகத்தான் இருக்கும், கீறினால் பென்சில் கூர்போல உதிரும். கடலோரத்தில் மண்ணுக்குள் கிடக்கும் குழாயில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அப்படி உதிர்ந்தால் அங்கே வெட்டாதீர்கள். நல்ல இரும்பு வரும்வரை பின்னே போங்கள். நல்ல இடமே அகப்படாவிட்டால், முழுக் குழாயையும் மாற்றுவதுதான் மலிவு.

அளவு

பழைய இரும்பை "நாலு அங்குலம்" என்று சொல்வது உள்விட்டத்தை. கப்ளிங்குக்குத் தேவை வெளிவிட்டம். ஒரு நூலைக் குழாயைச் சுற்றிப் பிடித்து நீளத்தை அளந்து 3.14ஆல் வகுங்கள். நூல் 358 மில்லிமீற்றர் என்றால் வெளிவிட்டம் 114. நாலு அங்குலமென்று கடையில் தரும் பிவிசி குழாய் வழமையாக 110 வெளிவிட்டம். கப்ளிங்கில் 110-125 என்பதுபோல இரண்டு எண்கள் போட்டிருக்கும். உங்கள் இரண்டு அளவும் அதற்குள் விழ வேண்டும். வித்தியாசம் அதிகமென்றால் இரு பக்கமும் வேறு வேறு அளவுள்ள கப்ளிங் கேளுங்கள். எல்லா ஹாட்வெயார் கடையிலும் இது இருக்காது, எனவே கையில் கிடைத்த பிறகே இரும்பில் வாளை வையுங்கள். பட்டிகள் கறள் பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும். 304, 316 என்ற இரண்டு ஸ்டீல் ரகமும் கிடைத்தால் 316ஐ எடுங்கள். உப்புக் காற்றை அது கூடுதலாகத் தாங்கும்.

வெட்டுதல்

வீட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாதபடி சொல்லிவையுங்கள். நாலு அங்குல வார்ப்பிரும்பு மீற்றருக்கு 10 கிலோவுக்கு மேல் வரும். வெட்டியதும் மேல் துண்டு கீழே சரியும். எனவே வெட்டுமிடத்துக்கு மேலேயும் கீழேயும் சுவரில் கிளாம்ப் அடித்துப் பாரத்தைத் தாங்கிய பிறகே கை வைக்க வேண்டும்.

குழாயைச் சுற்றி டேப் ஒட்டினால் வெட்டு நேராக வரும். கிறைண்டர் வேகமானது, ஆனால் பொறி பறக்கும். கழிவுக் குழாயில் தீப்பற்றக்கூடிய வாயு இருக்கும். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, கதவு யன்னலைத் திறந்து வையுங்கள். இடம் ஒடுக்கமென்றால் ஹக்சோ வாளே போதும், கை மட்டும் நோகும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். வெட்டிய உடனே இரும்பு வாயில் பழந்துணியை அடைத்துவிடுங்கள், நாற்றமும் வாயுவும் வெளியே வராது. துணியில் ஒரு கயிறு கட்டியிருந்தால் உள்ளே விழுந்து தொலையாது.

பூட்டுதல்

வெட்டு விளிம்பை அரத்தால் ராவி, வெளிப்பக்கத்தைக் கம்பித் தூரிகையால் தேயுங்கள். கறள் செதில் மிஞ்சினால் றப்பர் இறுகாது. பிவிசி விளிம்பையும் வழுவழுப்பாக்குங்கள். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் கப்ளிங் சுலபமாக ஏறும். கிரீஸ் வேண்டாம், எண்ணெய் பட்டால் சிலவகை றப்பர் ஊதிவிடும். துணியை எடுத்துவிட்டு, கப்ளிங்கின் பாதி இரும்பிலும் பாதி பிவிசியிலும் இருக்கும்படி தள்ளுங்கள். பட்டிகளை மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் றப்பர் கோணும்.

பழைய குழாயின் அகன்ற வாய்க்குள் பொருத்த வேண்டியிருந்தால் கதை வேறு. அந்த மூட்டில் நாரை அடைத்து ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். ஈயத்தை நெருப்பு வைத்து உருக்கி எடுக்கவே வேண்டாம், புகை நஞ்சு. துளைபோட்டு உளியால் கிளப்புங்கள். பிறகு வாயின் அளவுக்கேற்ற றப்பர் வளையத்தை உள்ளே வைத்து பிவிசியை இறக்கலாம். வாய் வெடித்திருந்தால் மினக்கெடாமல் அதை வெட்டிவிட்டுக் கப்ளிங்குக்கே வந்துவிடுங்கள்.

படுத்துப் போகும் குழாய் என்றால் மீற்றருக்கு 2 முதல் 2.5 சென்ரிமீற்றர் சரிவு வேண்டும். பிவிசியையும் தனியாகக் கிளிப் வைத்துத் தாங்குங்கள். கப்ளிங் பாரம் சுமக்கிற சாமான் இல்லை.

சோதனை

இணைப்புக்குக் கீழே உலர்ந்த பத்திரிகைத் தாளை விரித்து, மேலிருந்து ஐந்தாறு வாளித் தண்ணீரைச் சடாரென்று ஊற்றுங்கள். தாளில் ஈரம் தெரிந்தால் பட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கி மறுபடி ஊற்றுங்கள். அப்போதும் கசிந்தால் கழற்றி இரும்பு முனையைத் திரும்பத் தேயுங்கள். மண்ணுக்குள் வரும் இணைப்பை உடனே மூடாமல் ஒரு கிழமை திறந்தே வைத்திருந்து, பட்டிகளை இன்னொரு தடவை இறுக்கியபின் மூடுங்கள். இந்த வேலையை ஐப்பசி மழை தொடங்க முன்னமே முடித்துக்கொள்வது நல்லது. மாரியில் குழிக்குள் தண்ணீர் ஊறிவிட்டால் கசிவு எது, ஊற்று எது என்று தெரியாது.