கரண்ட் இருக்கிற நேரத்தில் வாரம் ஒரு பதிவு

எங்கள் தெருவில் கரண்ட் வந்ததை முதலில் அறிவிப்பது பிள்ளைகள்தான். ‘மீ லா ப்யீ’ என்று கீழ்வீட்டிலிருந்து ஒரு கத்தல் (பர்மியத்தில் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம்), உடனே மாடிப்படி முழுக்க ஆட்கள் ஓடுகிற சத்தம். தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர், இஸ்திரிப்பெட்டி, போன் சார்ஜ். யாங்கூனில் (பழைய ரங்கூன்) நான்கு மணி நேரம் கொடுத்து எட்டு மணி நேரம் நிறுத்திய மாதங்களில், இந்த வரிசையில் என் வலைப்பூவுக்குக் கடைசி இடம்கூடக் கிடைக்கவில்லை. இரண்டு தடவை தொடங்கி இரண்டு தடவையும் படுத்துவிட்டது. மூன்றாவதுதான் வாரம் ஒன்று என்று ஓடுகிறது. நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன், உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: விரலைப் பழக்குங்கள்

வலைப்பூ வைக்க ப்ளாக்கர் தளமா வேர்ட்பிரஸ் தளமா என்று ஒரு வாரம் யோசிக்காதீர்கள், இரண்டிலும் காசில்லாமல் தொடங்கலாம். அந்த ஒரு வாரத்தைத் தட்டச்சுக்குக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிற முறை சுலபம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் ந, ன, ண எது என்று திரையைப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கும். நான் தமிழ்99 என்கிற தமிழ் விசைப்பலகை முறைக்கு மாறினேன். அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும், ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டுப் போதும். பத்து நாள் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை தானாக ஓடும்.

இரண்டாம் படி: சின்ன விஷயமாகப் பிடியுங்கள்

என் முதல் வலைப்பூ செத்ததற்குக் கரண்ட் காரணமில்லை, பேராசைதான் காரணம். ‘பர்மாவில் தமிழர் வரலாறு’ என்று தலைப்புப் போட்டேன். செட்டியார்கள், ஆலைகள், 1964க்குப் பிறகு கப்பலேறிப் போனவர்கள் என்று மூன்று பதிவு எழுதியதும் மூச்சு வாங்கியது. புத்தகம் எழுத வேண்டியவர் எழுதட்டும். நமக்குத் தேவை ஒரு இரவில் முடிகிற விஷயம்.

அதற்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், டீக்கடையில் கேட்டது, கோயிலில் பார்த்தது எல்லாம் ஒரு வரியாக அதில் ஏறும். ஷ்வே பொன்தா தெருவை இன்னும் முகல் தெரு என்றே சொல்கிற பெரியவர்கள், ஒரே வாரத்தில் வரும் தண்ணீர்த் திருவிழாவும் சித்திரைப் பிறப்பும், இப்படி. ஒருநாள் ‘அத்தோ’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். சென்னையில் பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் போட்ட கடைகளில் அது ஒரு நூடுல்ஸ் பண்டத்தின் பெயர். இங்கே அந்தச் சொல்லுக்குக் கையால் பிசைந்து கலந்தது என்றுதான் பொருள், இஞ்சியும் அத்தோ ஆகும், தக்காளியும் ஆகும், தேயிலையும் ஆகும். இதை மட்டும் முந்நூறு சொற்களில் எழுதினேன். வரலாறு எழுதியபோது வராத ஆட்களெல்லாம் சண்டைக்கு வந்துவிட்டார்கள், எனக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் படி: இணையத்துக்குள் உட்கார்ந்து எழுதாதீர்கள்

ஒரு ராத்திரி ஒன்றரை மணி நேரம் வலைப்பூவின் எழுதும் பெட்டியிலேயே நேராக அடித்தேன். ‘வெளியிடு’ பொத்தானை அழுத்துகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது, கூடவே வைஃபையும், கடைசி அரை மணி நேரம் அடித்ததும். அன்றிலிருந்து போனில் இணையம் தேவைப்படாத நோட்ஸ் செயலியில்தான் எழுதுகிறேன். எழுதுவதை இருட்டில் செய்யலாம், ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். இந்த இரண்டையும் பிரித்த பிறகுதான் என் மூன்றாவது வலைப்பூ பிழைத்தது.

நான்காம் படி: கையிருப்பு

எப்போதும் இரண்டு பதிவு முடித்து வைத்திருங்கள். கரண்ட் இருக்கும்போது ஏற்றி, வெளிவர வேண்டிய நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால் அது தானாக வரும். ஆனால் முதலில் செட்டிங்ஸில் நேர மண்டலத்தைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, காலை ஏழு மணிக்கு என்று குறித்தது ராத்திரி வந்தது. இங்கே ஜிஎம்டி கூட்டல் 6:30, இந்தியாவைவிட ஒரு மணி நேரம் முன்னால்.

படம் போடுவதானால் சுருக்கிப் போடுங்கள். போன் எடுக்கிற நான்கு எம்பி படம் 200 கேபிக்கு இறங்கினாலும் திரையில் வித்தியாசம் தெரியாது, டேட்டா காசு போட்டுப் படிப்பவர் திட்டவும் மாட்டார். மாதம் ஒருமுறை எல்லாப் பதிவுகளையும் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: விட்ட இடத்தில் தொடருங்கள்

விடத்தான் செய்வீர்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஐந்து வாரம் எனக்கு எழுத மனமே வரவில்லை. மண்டலேயில் உறவுக்காரர்கள் இருக்கிற வீட்டில் வலைப்பூவை யார் நினைப்பார்கள்? திரும்பி வந்தபோது ஏன் எழுதவில்லை என்று மூன்று பத்தி விளக்கம், மன்னிப்பு எல்லாம் எழுதிவிட்டு, அதன் கீழே மொய்ங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) வைக்கிற முறையைப் போட்டேன். விளக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஒரு அக்கா மட்டும், ‘எல்லாம் சரி தம்பி, வாழைத்தண்டை மீன் வேகும்போதே போடணுமா, அப்புறமா?’ என்று கேட்டிருந்தார். அதை எழுத மறந்திருந்தேன். நோட்டை எடுத்து ‘வாழைத்தண்டு’ என்று ஒரு வரி எழுதிக்கொண்டேன், அடுத்த வாரத்துக்கு.