சுற்றுச்சூழல் பட்டப்படிப்பு: எந்தப் பாடத்தை எப்போது படிப்பது?

மூன்றாண்டு சுற்றுச்சூழல் அறிவியல் படிப்பில் சேரும் மாணவர்கள் பாடப் பட்டியலை முதல் பருவத்திலிருந்து தொடங்கிப் படிப்பது வழக்கம். திட்டமிடுவதற்கு ஆறாம் பருவத்தின் ஆய்வுத் திட்டத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவதே நல்லது என்பது என் கருத்து.

முதலில், ஒவ்வொரு பாடத்தின் பெயரையும் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதுங்கள். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்புறமே போதும். கட்டாயப் பாடங்களின் வரிசை பெரும்பாலும் நம் கையில் இல்லை. விருப்பப் பாடங்கள், விடுமுறைப் பயிற்சி, மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் உள்ள இணையவழிப் பாடங்கள் ஆகியவற்றைத்தான் நாம் நகர்த்த முடியும் என்பதால் அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள்.

அடுத்து, இறுதி ஆய்வுக்கு ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். தருமபுரி மாவட்டத்தில் நமக்குத் தொலைவில் தேட வேண்டிய தேவை இல்லை: நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு எவ்வளவு, ஏன்? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. இந்த எண்களை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் கிரானைட், நைஸ் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு, கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த நீரில் ஏன் கூடுதலாகத் தங்குகிறது என்பது வேதியியலும் புவியமைப்பியலும் படித்தவருக்கே விளங்கும். ஆகவே அவ்விரண்டும் முதல் ஆண்டிலேயே முடிய வேண்டும்.

மூன்றாவதாக, பாடங்களைப் பருவமழையோடு பொருத்திப் பாருங்கள். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மே மாதக் கோடையில் ஒரு முறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த சனவரியில் மறுமுறையும் மாதிரி எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஆறாம் பருவம் டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிவதால், அந்த மே மாதம் நான்காம் பருவத்துக்கும் ஐந்தாம் பருவத்துக்கும் இடைப்பட்ட விடுமுறையாகத்தான் இருக்க முடியும். எனவே நீர்ப் பகுப்பாய்வுச் செய்முறையை நான்காம் பருவத்துக்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால், ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் அல்ல, நெகிழிப் புட்டியில் எடுக்க வேண்டும் என்பதே தெரியாமல் கிணற்றடியில் நிற்க நேரிடும்.

புள்ளியியலை அஞ்சித் தள்ளிப்போடாதீர்கள். எத்தனை கிணறுகளில் மாதிரி எடுப்பது என்பதை முடிவு செய்யவே அது தேவைப்படுவதால், மூன்றாம் பருவம் அதற்குப் பொருத்தமானது. சட்டப் பாடம் ஐந்தாம் பருவம் வரை காத்திருக்கலாம். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போது, கர்நாடகத்திலிருந்து கழிவுநீர் கலந்து வரும் தென்பெண்ணை நீருக்கு 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வி, கழிவுநீரின் வேதியியல் அறிந்தவருக்கே கூர்மையாகப் படும்.

கடைசியாக, ஒரே பருவத்தில் இரண்டு ஆய்வகப் பாடங்களுக்கு மேல் சேர்க்காதீர்கள். பதிவேடு எழுதவே மாலை நேரம் போதாது. வேதியியலில் அரியர் விழுந்தால் எந்தெந்தத் துண்டுகள் நகரும் என்பதையும் குறித்து வைத்து, இரண்டாம் பருவம் முடிவதற்குள் துறைத் தலைவரிடம் காட்டிவிடுங்கள்.