பெரிய முடிவுக்கு முன் எப்படிச் செபிப்பது?

பிள்ளைக்கு வந்த கலியாணப் பேச்சு, வெளிநாட்டுப் பயணம், காணி விற்பது, குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போவது. வன்னியில் ஒரு குடும்பத்தை நித்திரை கொள்ள விடாத விஷயங்கள் பெரும்பாலும் இவைதான். "செபம் பண்ணிப் பாருங்கோ" என்பார் சுவாமியார். வீட்டுக்கு வந்து மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு முழந்தாளில் நின்றால், மூன்று அருள்நிறை மரியே சொன்ன பிறகு என்ன செய்வதென்று தெரியாது. அந்த இடத்தில் நிற்பவர்களுக்கு இது. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்த ஆள், ஆகவே சொற்கள் எங்கள் கோயில் சொற்களாகத்தான் வரும்.

பேச்சு வசதிக்கு ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: வயல் காணியை விற்று மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பலாமா?

1. நேர்த்தி வேறு, இது வேறு

"மடு மாதாவே, விசா கிடைத்தால் ஆவணித் திருவிழாவுக்கு நடந்து வருகிறேன்" என்பது நேர்த்தி. அதில் பிழை ஒன்றும் இல்லை. 1670இல் ஒல்லாந்தருக்குப் பயந்து மாந்தையை விட்டு ஓடிய குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைக் காட்டுக்குள் கொண்டுவந்த காலம் தொட்டு, மடுவுக்குப் போகிறவர்கள் ஏதோ ஒரு தேவையோடுதான் போகிறார்கள். ஆனால் அந்த நேர்த்தியில் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, உதவி மட்டும்தான் கேட்கிறோம். வழி கேட்கும் செபத்தில் "போகலாமா?" என்பதே இன்னும் கேள்வி. "வேண்டாம்" என்ற பதிலுக்கும் அதில் இடம் விட வேண்டும்.

2. விசாரிக்க வேண்டியதை முதலில் விசாரியுங்கள்

காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா? குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த பெர்மிட் காணியை அனுமதியில்லாமல் விற்க முடியாது. ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை வருடம்? பிரதேச செயலகத்திலும் பணியகத்திலும் கேட்டால் தெரியக்கூடியதை ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி. பாதிப் பேருடைய குழப்பம் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும், செபத்துக்கு வேலையே வராது.

3. கேள்வியைக் கொப்பியில் எழுதுங்கள்

ஒரே வரி போதும். "என் குடும்பத்துக்கு வழி காட்டும்" என்று எழுதினால் பதில் வந்தாலும் பிடிபடாது. "இந்த வருடம் காணியை விற்று இவனை அனுப்புவதா, இல்லையா" என்று எழுதுங்கள்.

4. மனத்தராசின் முள்ளை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்

இதுதான் கஷ்டமான படி. வாரக்கணக்கில் இதிலேயே நிற்க வேண்டி வரலாம்.

1521இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டால் கால் உடைந்து படுக்கையில் கிடந்த இஞ்ஞாசியார் (பிறகு இயேசு சபையைத் தொடங்கிய புனிதர்), தன் மனதில் வந்துபோகும் எண்ணங்களைக் கவனிக்கத் தொடங்கினார். பின்னாளில் அவர் சொல்லிக்கொடுத்த முறையில் முதலில் வருவது இந்த நடுநிலைதான். மனம் ஒரு பக்கம் சாய்ந்தபடியே செபித்தால், நம் ஆசையின் குரலையே ஆண்டவரின் குரல் என்று எடுத்துக்கொள்வோம். கெத்சமனியில் இயேசுகூட முதலில் தன் விருப்பத்தை ஒளிக்காமல் சொன்னார், இந்தக் கிண்ணம் அகலட்டும் என்று. அதற்குப் பிறகுதான் "உம் விருப்பப்படியே ஆகட்டும்" வந்தது. அந்த ஒழுங்கிலேயே நீங்களும் செய்யுங்கள். "அவன் போனால்தான் கடன் தீரும், அனுப்பத்தான் எனக்கு விருப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஊர்ச் சனம் என்ன சொல்லும் என்று பயமாகவும் இருக்கு" என்பதையும் சொல்லுங்கள். எல்லாம் கொட்டி முடிந்த பிறகு, எந்தப் பதில் வந்தாலும் ஏற்கும் மனதைக் கேளுங்கள். அந்த மனம் இன்னும் வரவில்லையா? சரி, அதையே நாளைக்கும் கேளுங்கள். அடுத்த படிக்கு அவசரப்பட வேண்டாம்.

5. ஒன்பது நாள் வைத்துக்கொள்ளுங்கள்

நவநாள் நமக்குப் பழகிய கணக்கு. வெயில் ஏறுவதற்கு முன், வீட்டு அரவம் தொடங்காத நேரத்தில், அரை மணித்தியாலம் போதும். வீட்டில் இடமில்லாவிட்டால் குளக்கட்டில் போய் இருக்கலாம். ஒரு சிறு வேதப் பகுதி வாசியுங்கள். லூக்கா 6:12-13 நல்ல தொடக்கம்: பன்னிருவரைத் தெரிவு செய்வதற்கு முன் இயேசு இரவு முழுவதும் மலையில் செபித்தார். அப்புறம் பேசாமல் இருங்கள்.

முதல் நான்கு நாளும் "அவன் போகிறான்" என்று முடிவாகிவிட்டது போல மனதுக்குள் வாழ்ந்து பாருங்கள். அடுத்த நான்கு நாள் "அவன் நிற்கிறான்" என்று. ஒன்பதாம் நாள் கொப்பியை வாசிக்க. தினமும் இரவில் இரண்டு வரி எழுதினால் போதும். இப்படி இருக்கலாம்:

"செவ்வாய். போகிறான். காலையில் சந்தோசம். பின்னேரம் வரம்பில் நடக்கும்போது நெஞ்சு பாரமாகிவிட்டது."

"சனி. நிற்கிறான். நிம்மதி. ஆனால் சாப்பாடு போடும்போது அவன் முகத்தைப் பார்க்க ஏலவில்லை."

வரம்பில் வந்த பாரம் காணிமேல் உள்ள பாசமாக இருக்கலாம், அதைப் பெரிதாக எடுக்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்க்க ஏலவில்லை என்ற வரிதான் முக்கியம். மகனோடு இன்னும் பேசாத ஏதோ ஒன்று இருக்கிறது. அவனைக் கூப்பிட்டு இருத்திப் பேசுங்கள், அதுவும் இந்தச் செபத்தின் பகுதிதான். இப்படியே கொப்பி முழுவதையும் பாருங்கள். எந்தப் பக்கத்தில் அமைதி வந்து தங்கியது, எந்தப் பக்கத்தில் குதூகலம் வந்து மறுநாளே ஓடிப்போனது என்று தெரியும். தங்கியதை நம்பலாம்.

6. அடையாளம் கேட்கலாமா?

சைவ அயலவர்கள் அம்மன் சந்நிதியில் பூ வைத்துக் கேட்பார்கள். எங்களில் சிலர் கண்ணை மூடி வேதாகமத்தைத் திறந்து விரல் வைப்பார்கள். எனக்கு அதில் பிடிப்பில்லை. விரல் யூதாசு நான்றுகொண்ட வரியில் பட்டால் என்ன செய்வீர்கள்? "திருத்தூதர்களே சீட்டுப் போட்டார்களே" என்று கேட்கலாம். உண்மைதான், யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிவு செய்தது அப்படித்தான். ஆனால் தகுதி என்னவென்று முதலில் பேசி, அதற்குப் பொருந்திய இரண்டு பேரை நிறுத்தி, செபித்து, கடைசியாகத்தான் சீட்டைத் தொட்டார்கள்.

7. மனம் இருண்ட நாளில் முடிவை மாற்ற வேண்டாம்

மனம் வறண்டு, செபமே கசக்கும் காலத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாரின் கண்டிப்பான விதி. நம் ஊரில் இதற்கு ஒரு நாட்காட்டியே உண்டு. மே மாத நடுவில், 2009இன் நினைவுகள் வீடு வீடாக எழும்பும் நாட்களில், "எல்லாத்தையும் வித்துப்போட்டு எங்கையாவது போவம்" என்று தோன்றுவது இயல்பு. அந்த வாரத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். ஏஜென்சிக்காரர் "நாளைக்குள் சொல்லுங்கள்" என்று நெருக்கினாலும் இதே பதில்தான்.

8. ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள்

இந்த முடிவில் லாப நட்டம் இல்லாத ஒருவராகப் பாருங்கள். சுவாமியாராக இருக்கலாம், ஒரு சிஸ்டராக, நிதானமான பெரியம்மாவாக இருக்கலாம். கொப்பியில் உள்ளதை வாசித்துக் காட்டுங்கள். கணவனும் மனைவியும் என்றால் தனித்தனிக் கொப்பியில் எழுதி, ஒன்பதாம் நாள்தான் மாற்றி வாசிக்க வேண்டும். இருவர் கொப்பியும் இரண்டு பக்கம் இழுத்தால் காணி இப்போதைக்கு அப்படியே கிடக்கட்டும். இன்னொரு ஒன்பது நாள் கழித்துப் பாருங்கள்.

முடிவு வந்ததும் அடுத்த பூசையில் காணிக்கை வேளையில் அதை ஆண்டவரிடம் வைத்துவிடுங்கள். சில நாள் பொறுங்கள், அமைதி நிலைத்தால் அதுதான் உறுதி. பிறகு பதிலுக்குக் காத்திருப்பவர்களிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். "இல்லை" என்பதுதான் பதிலென்றால் இன்னும் சீக்கிரமாகச் சொல்லுங்கள், காணி வாங்க இருந்தவரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பார்.