போய் இறங்கின பிள்ளையளுக்கு: வேலையிடத்தில எப்பிடி நடக்கிறது

யாழ்ப்பாணத்தில இருந்து இப்ப ஜெர்மனி, கனடா, ஜப்பான் எண்டு கன பிள்ளையள் போகினம். நான் ஜெர்மனியில வேலை செய்திட்டு இப்ப நல்லூரில இருக்கிறன், வேலை தெரிஞ்ச பிள்ளையள் கூட ஆக்களோட பழகிற விசயத்தில கஷ்டப்படுறதைக் கேக்க மனசு பொறுக்குதில்லை, அதுதான் எழுதுறன்.

விளங்கேல்லை எண்டா விளங்கேல்லை எண்டு சொல்லுங்கோ. எங்கட ஊரில பெரியாக்கள் சொன்னா தலையாட்டிப்போட்டு வெளியில வந்து பக்கத்தில நிக்கிறவனிட்டக் கேப்பம், அது மரியாதை. ஜெர்மன்காரருக்கு நீங்கள் ஓம் எண்டா அது வாக்கு, வெள்ளிக்கிழமை முடியும் எண்டு சொன்னா வெள்ளிக்கிழமை எதிர்பாப்பினம், ஏலாது எண்டு செவ்வாயே சொன்னா அநேகமா கோவிக்க மாட்டினம், வெள்ளி பின்னேரம் சொன்னாத்தான் உங்களில நம்பிக்கை போகும். எங்கட பக்கவாட்டுத் தலையாட்டலும் கவனம், அதை இல்லை எண்டு எடுப்பினம், ஸூம் மீட்டிங்கில எண்டா வாயால சொல்லிப்போடுங்கோ. கதைக்கேக்க முகத்தைப் பாருங்கோ, நிலத்தைப் பாத்தா எதையோ ஒளிக்கிறீங்கள் எண்டு நினைப்பினம்.

ஜப்பான் இதுக்கு நேர் எதிர். முகத்துக்கு நேர ஏலாது எண்டு லேசில சொல்லாயினம், "கொஞ்சம் கஷ்டம்..." எண்டு இழுத்தா அநேகமா முடியாது எண்டதுதான், எங்கட "பாப்பம் தம்பி" மாதிரி. "ஹாய், ஹாய்" (ஜப்பான் பாசையில ஓம், ஓம்) எண்டு சொல்லிக்கொண்டிருந்தா சம்மதிச்சிட்டினம் எண்டு நினைக்காதேங்கோ, நீங்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டிருக்கினம், அவ்வளவுதான். விசிட்டிங் கார்ட் தந்தா ரெண்டு கையாலயும் வாங்கி, வாசிச்சு, மேசையில முன்னால வையுங்கோ, பின் பொக்கற்றுக்க தள்ளிப்போடாதேங்கோ.

கூப்பிடுற முறை: கனடாவில மேனேஜரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவினம், "சேர்" வேண்டாம். ஜெர்மனியில ஹெர் (ஆம்பிளையளுக்கு), ஃப்ராவ் (பொம்பிளையளுக்கு) எண்டு குடும்பப் பேரோட, அவையளா "டூ" (நீ) சொல்லலாம் எண்டு சொல்லுமட்டும் "ஸீ" (நீங்கள்) தான் (சில கொம்பனியளில முதல்நாளே டூ). எங்கட பாஸ்போட்டில கன பேருக்கு அப்பான்ர பேர்தான் குடும்பப் பேரா இருக்கும், அதால உங்களை அப்பான்ர பேரிலதான் கூப்பிடுவினம், பிழையாக் கூப்பிடினம் எண்டு சும்மா இருந்திடாதேங்கோ, எப்பிடிக் கூப்பிடோணும் எண்டு முதல்நாளே சொல்லிவிடுங்கோ.

9 மணி எண்டா 8:55க்கு நில்லுங்கோ, பிந்தினா போன் பண்ணுங்கோ.

ஜெர்மனியில உங்கட பிறந்தநாளுக்கு கேக் நீங்கள்தான் கொண்டுபோகோணும், மற்றவைக்கு பிறந்தநாள் வரமுன்னம் வாழ்த்துச் சொல்லிப்போடாதேங்கோ, அது அபசகுனம் எண்டு நினைப்பினம். அம்மா அனுப்பின பயத்தம் பணியாரத்தை ஒஃபிஸ் கிச்சின் மேசையில தாராளமா வையுங்கோ. ஆனா விசா அலுவலுக்குப் போற இடத்தில அதிகாரிக்குக் குடுக்க வேண்டாம், அவைக்கு அன்பளிப்பு வாங்கச் சட்டத்தில தடை.