இளவயதில் சர்க்கரையா? கிரியேட்டினின் மட்டும் பார்த்தால் போதாது

இருபத்தைந்து வயதில் சர்க்கரை நோய் வந்தவரின் சிறுநீரகம் இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் அந்தச் சர்க்கரையோடு ஓடியாக வேண்டும். பாதிப்பு தொடங்கும்போது வலி இருக்காது, கால் வீங்காது. ரத்தத்தில் சர்க்கரை கூடக்கூட சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகளுக்குள் அழுத்தம் ஏறும்; அவை வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்யும். அதனால் வடிகட்டும் திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். எண் தொடக்கத்தில் நன்றாகவே தெரியலாம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினும் அப்படித்தான். வடிகட்டும் திறனில் பாதியளவு போகும்வரைகூட அது நார்மல் என்றே வரக்கூடும்.

முதலில் கசிவது அல்புமின் என்ற புரதம். அதைப் பிடிக்கும் பரிசோதனை யூரின் ஏ.சி.ஆர்.; சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம். ‘யூரின் ரொட்டீன்’ கொடுத்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அதில் முக்கும் பட்டை, தொடக்கநிலைக் கசிவைப் பெரும்பாலும் தவறவிடும். டைப் 2 என்றால் நோய் தெரிந்த அன்றே ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும். டைப் 1 என்றால் ஐந்து ஆண்டு கழித்துத் தொடங்கி ஆண்டுதோறும். கூடவே ரத்தத்தில் கிரியேட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். இரண்டையும் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைக் கொடுப்பதே நல்லது. முதலில் வருவதைக் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான டப்பாவில் பிடியுங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் ஜிம், ஓட்டம், கடும் உடற்பயிற்சி வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருந்தால் தள்ளிப்போடுங்கள். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ எகிறிக் கிடக்கும் வாரத்திலும் எண் பொய்யாக ஏறும்.

ஏ.சி.ஆர். எண், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினுக்குக் கீழே என்றால் நார்மல். 30 முதல் 300 வரை தொடக்கநிலைக் கசிவு. 300-ஐத் தாண்டினால் பாதிப்பு முற்றியிருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுத்த மூன்று சாம்பிளில் இரண்டு கூடுதலாக வந்தால்தான் உறுதி. இந்த 30–300 கட்டம்தான் பொன்னான நேரம். இப்போது சர்க்கரையையும் அழுத்தத்தையும் பிடித்து நிறுத்தினால் பலருக்குக் கசிவு குறைகிறது, சிலருக்கு நார்மலுக்கே திரும்புகிறது. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே இருக்கட்டும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் எச்.பி.ஏ.1சி. பெரும்பாலோருக்கு 7 சதவீத அளவில்.

கசிவு உறுதியானால் டெல்மிசார்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை ஒன்றை மருத்துவர் தொடங்குவார். டைப் 2-வில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையும் சேரலாம். அது சர்க்கரையைக் குறைப்பதோடு சிறுநீரகத்தையும் காக்கிறது. டெல்மிசார்டன் வகை தொடங்கி இரண்டு வாரம் கழித்துப் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்கச் சொல்வார்கள். கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறுவது எதிர்பார்த்ததே. அதைக் கண்டு பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகள் குழந்தைக்குக் கேடு. வாந்தி, வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போனால் எதையெல்லாம் தற்காலிகமாக நிறுத்துவது என்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இன்சுலினை மட்டும் அப்போதும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

இளைஞர்கள் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் மெடிக்கல் ஷாப்பில்தான். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென் என்று சீட்டில்லாமல் வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது, கசியும் சிறுநீரகத்துக்கு நேரடி அடி. ஜிம்மில் தரும் புரதப் பவுடரையும் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். கசிவு இருப்பவருக்கு நாளுக்கு எடைக் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். கிரியேட்டின் பவுடர் எடுப்பவர்கள் அதை லேபில் சொல்லுங்கள், கிரியேட்டினின் எண் அதனாலேயே ஏறும். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டி, சுமார் 5 கிராம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான்.

ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையையும் காட்டுங்கள். கண்ணில் எந்தப் பாதிப்பும் இல்லாமல் அல்புமின் மட்டும் வேகமாக ஏறினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, காரணம் சர்க்கரையாக இல்லாமலும் போகலாம்; சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். பல ஆண்டு நோயிருப்பவருக்கு உணவோ எடையோ மாறாமலே லோ சுகர் அடிக்கடி வரத் தொடங்கினால், சர்க்கரை குணமாகிறது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். அந்த வாரமே கிரியேட்டினின் பார்த்து, மருந்தின் அளவை மாற்ற வேண்டும்.